அடுக்களைக்கு காஸ் வந்தது, மின்சாரம் போகவில்லை

சென்ற மாதம் சங்கத்தின் மாலைக் கூட்டத்தில் நம் ஆசிரியர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஊருக்குப் போய் அடுக்களையில் மின்வேலை பார்த்துவிட்டு வந்தீர்களாமே, அதை நாலு பேருக்குப் பயன்படும்படி எழுதிக் கொடுங்கள்" என்றார். முப்பது வருஷம் மும்பையில் ஓர் ஆலையின் மின் பராமரிப்புப் பிரிவில் உழைத்து ஓய்வு பெற்றவன் நான். மோட்டாரும் ஸ்டார்ட்டரும் தெரியும், எழுத்துப் பழக்கம் கிடையாது. குறை இருந்தால் வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் ஊர் கொல்லங்கோடு. குமரி மாவட்டத்துக் கொல்லங்கோடு அல்ல, பாலக்காட்டுக் கொல்லங்கோடு. நெல்லியாம்பதி மலையின் அடிவாரம். பாலக்காடு–பொள்ளாச்சி ரயில் பாதையில் ஒரு சின்ன நிலையம். கோவிந்தாபுரம் வழியாகக் கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு. வீடு அக்ரஹாரத்து வீடு. முன்னால் திண்ணை, பிறகு ரேழி, கூடம், அடுக்களை, கொல்லை என்று ரயில் பெட்டிபோல் நீண்டுகொண்டே போகும். இரண்டு பக்கச் சுவரும் பக்கத்து வீடுகளுக்குப் பொது. அதில் எழுபத்தெட்டு வயதான என் அம்மா தனியாக இருக்கிறாள். பகலில் ஒத்தாசைக்கு ஒரு பெண் வந்துபோவாள்.

மின்சார அடுப்பு வந்த கதை

எண்பதுகளில் காஸ் இணைப்புக்கு எழுதி வைத்துவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்தது பலருக்கு நினைவிருக்கும். கேரளத்தில் அப்போது மின்சாரம் மலிவு. 1976-ல் இடுக்கி நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கியபின், தண்ணீர் இருக்கும்வரை மின்சாரத்துக்குக் குறைவில்லை என்ற எண்ணம் வீட்டுக்கு வீடு இருந்தது. என் தந்தையார் 2000 வாட் சுருள் அடுப்பு ஒன்றை வாங்கி அடுக்களை மேடையில் வைத்தார். உள்ளூர் வயர்மேன் ஒருவர் மேடைக்குக் கீழே 16 ஆம்பியர் பிளக் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார். பல வருஷங்கள் சாதமும் சாம்பாரும் அதில்தான் ஆயின. பிற்பாடு இண்டக்‌ஷன் அடுப்பு வந்தபோதும் அதே பிளக்தான்.

காலம் மாறிற்று. கேரளத்தில் வீட்டு மின்கட்டணம் மாதம் 250 யூனிட் வரை படிப்படியாக ஏறும். அதைத் தாண்டினால் படிச் சலுகை போய், தொடக்க யூனிட் முதல் அத்தனைக்கும் ஒரே உயர்ந்த வீதம். மழைக்காலத்தில் கம்பி மேல் மரம் விழுந்தால் சாப்பாடும் இல்லை. ஆகவே மூன்று வருஷத்துக்கு முன் அம்மாவுக்கு காஸ் அடுப்பு வாங்கிக் கொடுத்தோம். வயர்மேன் வந்தார், பழைய அடுப்பைக் கழற்றினார், இரண்டு நுனிகளில் டேப் சுற்றினார், போய்விட்டார். சிலிண்டர் கொண்டுவந்தவர் மேடைக்குக் கீழே காலியாக இருந்த இடத்தில் அதை நிறுத்தினார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம்.

ஒன்பது மணித் தொலைபேசி

அடுத்த டிசம்பரில் ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு அம்மாவின் அழைப்பு.

"டேய், அடுக்களையில என்னமோ வாசனை வரது. காஸ் மாதிரி இருக்கு. லைட்டைப் போட்டுப் பாக்கட்டுமா?"

"வேண்டாம்மா. எதையும் தொடாதே."

"ஃப்ரிட்ஜ் ஓடிண்டிருக்கே, அதையாவது அணைக்கட்டுமா?"

"அதையும் தொடாதே. அடுக்களைப் பக்கமே போகாதே. நேரே திண்ணைக்குப் போ, அங்கேயிருந்து பேசு."

எங்கள் வீட்டில் மீட்டரும் மெயின் சுவிட்சும் திண்ணைச் சுவரில், அடுக்களையிலிருந்து வெகு தூரத்தில், திறந்த வெளியில் இருக்கின்றன. தாத்தா காலத்து ஏற்பாடு. அதைமட்டும் அணைக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டு மாமா கொல்லை வழியாக வந்து, வெறுமனே சாத்தியிருந்த பின்கதவைத் திறந்துவிட்டார். கொஞ்ச நேரம் விலகி நின்று, நெடி தணிந்தபின் உள்ளே போய் ரெகுலேட்டரை மூடினார். நல்லவேளையாக வேறொன்றும் நேரவில்லை.

இரண்டாம் நாள் நான் ஊர் போய்ச் சேர்ந்தேன். காரணம் உடனே கண்ணில் பட்டது. ரப்பர் குழாயை எலி கடித்திருந்தது. கடித்த இடத்துக்கும் மேடைக்குக் கீழிருந்த அந்தப் பழைய 16 ஆம்பியர் பிளக்குக்கும் இடையே ஒரு சாண் தூரம். பகலில் உதவிக்கு வரும் பெண் வெட் கிரைண்டரை அதில்தான் செருகுவாளாம். ஒன்பது மணிக்குப் பதில் காலை ஆறு மணிக்குக் கசிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அன்று புரிந்ததுதான் இந்தக் கட்டுரையின் சாரம். அடுப்பு மாறினால் போதாது, மின்சாரத்துக்கும் புதிய இடம் ஒதுக்க வேண்டும். மின்சார அடுப்பை எடுத்துவிட்டதால் மின்சார அபாயம் போய்விட்டது என்று எண்ணுகிறோம். முன்பு தனியாக இருந்த மின்பொறிக்கு இப்போது எரிவாயு துணை சேர்ந்திருக்கிறது என்பதே உண்மை.

இரண்டுக்கும் ஏன் ஆகாது

எந்த சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் உள்ளே ஒரு சின்னப் பொறி எழும். இருட்டில் பழைய சுவிட்சைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாதாரண நாளில் அதனால் கேடில்லை. ஆனால் சமையல் காஸ் காற்றோடு ஏறக்குறைய 2 முதல் 9 சதவீதம் வரை கலந்திருந்தால் அந்தப் பொறி போதும். "அணைப்பது பாதுகாப்பு" என்ற நம் இயல்பான எண்ணம் இங்கே தவறாகிறது. வாசனை வந்தபின் போடுவதும் ஆபத்து, அணைப்பதும் ஆபத்து.

ஃப்ரிட்ஜ் இன்னும் மோசம். அதன் உள்ளே இருக்கும் வெப்பச் சுவிட்ச், யாரும் தொடாமலே, தானாகப் போட்டு அணைத்துக்கொண்டிருக்கும். வீட்டில் எல்லோரும் தூங்கும்போதும் அது தூங்காது.

மும்பைவாசிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இங்கே நம்மில் பலருக்குக் குழாய் வழி காஸ்தான் பழக்கம். மகாநகர் காஸ் நிறுவனம் 1995-ல் தொடங்கப்பட்டது. குழாயில் வருவது இயற்கை எரிவாயு, பெரும்பாலும் மீத்தேன். அது காற்றைவிட லேசானது. கசிந்தால் மேலே ஏறும், உயரத்தில் உள்ள ஜன்னல் வழியாக வெளியேறும். சிலிண்டரில் இருப்பது எல்.பி.ஜி., அதாவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்து அழுத்தத்தில் திரவமாக்கியது. வாயுவானால் அது காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் தண்ணீர்போல் தரையில் பரவி, மேடைக்கு அடியிலும் ஜலதாரையிலும் தேங்கும். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாக விரியும். மும்பையில் மேல் ஜன்னலைத் திறந்து பழகியவர் ஊரில் அதையே செய்துவிட்டுக் கவலை விட்டது என்று இருந்தால், ஆபத்து காலடியிலேயே கிடக்கும்.

நம் ஊர்ப்பக்கமும் மாறி வருகிறது. ஏறக்குறைய 450 கிலோமீட்டர் நீளமுள்ள கொச்சி–மங்களூர் இயற்கை எரிவாயுக் குழாய் 2021 ஜனவரி 5 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. அது பாலக்காடு மாவட்டத்துக் கூற்றநாடு வழியாகத்தான் போகிறது. ஒரே ஊரில் ஒரு வீட்டில் சிலிண்டரும் அடுத்த வீட்டில் குழாயும் இருக்கப்போகிற காலம். உங்கள் வீட்டில் எது என்பதை அறிந்து காற்றுவழியை அமையுங்கள். சிலிண்டர் என்றால் தரையை ஒட்டி, குழாய் என்றால் கூரையை ஒட்டி.

சுவரைத் திறந்தபோது கண்டவை

உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரை அழைத்து வந்தேன். எனக்குத் தொழில் தெரிந்தாலும் நான் தனியாகச் செய்யவில்லை. கேரளத்தில் இதற்கு மாநில மின் உரிம வாரியம் வழங்கும் அனுமதிச் சீட்டு உண்டு. அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இருவரும் சேர்ந்து கண்டவை இவை:

முதலாவது, கம்பியின் பருமன். 2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 8.7 ஆம்பியர். இத்தனை வருஷமும் நாள்தோறும் மணிக்கணக்கில் அந்த மின்னோட்டம், விளக்குக்குப் போடும் மெல்லிய கம்பியில், தளர்ந்த இணைப்புகள் வழியாக ஓடியிருக்கிறது. பிளக்குக்குப் பின்னால் அதன் மேலுறை கருகி, தொட்டாலே உதிர்ந்தது.

இரண்டாவது, சுவிட்ச் இருந்த இடம். மின்சாரம் ஃபேஸ் கம்பியில் வந்து நியூட்ரல் கம்பியில் திரும்புகிறது. சுவிட்ச் எப்போதும் ஃபேஸில் இருக்க வேண்டும். இங்கே நியூட்ரலில் இருந்தது. சுவிட்சை அணைத்தால் அடுப்பு அணையும், ஆனால் கம்பியில் உயிர் இருக்கும். டேப் சுற்றிய நுனியில் டெஸ்டரை வைத்தேன். சுவிட்ச் அணைந்திருந்தும் டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது. அதாவது கழற்றிப்போட்ட அடுப்பின் கம்பி, சிலிண்டருக்குப் பக்கத்தில், டேப் போர்வைக்குள் உயிரோடு இருந்திருக்கிறது.

மூன்றாவது, எர்த். மூன்றாவது துளை பிளக்கில் இருந்தது, பின்னால் பச்சைக் கம்பி இல்லை. அலங்காரத்துக்கு ஒரு துளை.

நான்காவது, ஃப்யூஸ். அடிக்கடி போகிறதென்று யாரோ தடித்த செம்புக் கம்பியைக் கட்டியிருந்தார்கள். அது ஃப்யூஸே அல்ல. சுவர் எரிந்தாலும் அது எரியாது.

செய்த வேலை, வரிசையாக

1. சிலிண்டரை ரெகுலேட்டர் கழற்றி, பாதுகாப்பு மூடி போட்டு, கொல்லைத் தாழ்வாரத்தில் நிழலில் நிமிர்த்தி வைத்தோம். காஸும் மின்வேலையும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் கூடாது. சுவர் துளைக்கும் இயந்திரமே பொறி கக்கும்.

2. மெயினை அணைத்து, ஃப்யூஸ் கட்டையைக் கழற்றி வயர்மேன் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "யாரும் போடாதீர்கள்" என்று சொல்வதைவிட இது உறுதி. பிறகும் ஒவ்வொரு கம்பியையும் டெஸ்டரால் சோதித்தே தொட்டோம்.

3. பழைய அடுப்பின் கம்பியை அடுக்களை முனையில் வெட்டி விட்டுவிடாமல், அது புறப்படும் பலகையிலேயே கழற்றி முழுவதும் உருவி எடுத்தோம். உபயோகமில்லாத கம்பி வீட்டில் இருக்கவே கூடாது. டேப் சுற்றுவது வேலை முடித்ததாகாது.

4. சிலிண்டர் நிற்கும் சுவரில் சுவிட்சோ பிளக்கோ இணைப்போ எதுவும் இல்லாமல் செய்தோம். மேடை மட்டத்துக்குக் கீழே எந்தச் சுவரிலும் மின்சாரம் கிடையாது. மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் எதிர்ச் சுவரில், மேடைக்கு மேலே ஓர் அடி உயரத்தில், தண்ணீர் தெறிக்காத இடத்தில் பிளக் வைத்தோம்.

5. ஃப்ரிட்ஜைக் கூடத்துக்கு மாற்றினோம். இடமில்லாத வீடுகளில், சிலிண்டருக்கு எதிர்க்கோடியில் எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள்.

6. விளக்குக்கும் பிளக்குக்கும் தனித்தனிப் பாதை. விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும் 6 ஆம்பியர் எம்.சி.பி.யும். பிளக்குகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும் 16 ஆம்பியர் எம்.சி.பி.யும். காஸ் தீர்ந்த நாளில் உதவ, இண்டக்‌ஷன் அடுப்புக்கென ஒரு பிளக்கைத் தனிப் பாதையில் வைத்தோம். எங்கள் வீடு நீளமானதால் அதற்கு 4 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டோம். தூரம் கூடினால் வோல்ட்டேஜ் குறையும், கம்பி பருமனாக இருந்தால் குறைவது கொஞ்சமாக இருக்கும்.

7. எம்.சி.பி. பலகையை ரேழியில் வைத்தோம், அடுக்களையில் அல்ல. மின்சாரத்தைத் துண்டிக்கும்போது அதற்குள்ளும் பொறி எழும்.

8. கொல்லையில் புதிய எர்த் குழி தோண்டி, எல்லாப் பிளக்குக்கும் பச்சைக் கம்பி கொண்டுவந்தோம். சிலர் சுலபமாக இருக்கிறதென்று காஸ் குழாயிலோ தண்ணீர்க் குழாயிலோ எர்த் கம்பியைக் கட்டிவிடுகிறார்கள். அதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.

9. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று பொருத்தினோம். எம்.சி.பி. இருக்கும்போது இது எதற்கு என்று அம்மா கேட்டாள். எம்.சி.பி. கம்பியைக் காப்பாற்றும், ஆர்.சி.சி.பி. மனிதரைக் காப்பாற்றும். போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று அது கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். இடையில் ஒருவர் உடம்பு வழியாகக் கொஞ்சம் கசிந்து பூமிக்குப் போனாலும் கணக்கு உதைக்கும், உடனே துண்டித்துவிடும். அதில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அம்மா அமாவாசைக்கு அமாவாசை அழுத்துகிறாள், மறப்பதில்லை.

10. சிலிண்டருக்குப் பக்கத்தில் தரையை ஒட்டி, கொல்லைப் பக்கச் சுவரில் துவாரம் போட்டு, எலி நுழையாதபடி கம்பி வலை பொருத்தினோம். ஜலதாரையில் தண்ணீர் நிற்கும் வளைவுக் குழாய் வைத்தோம், வாயு அந்த வழியாக அடுத்த வீட்டுக்குப் போகாமல் இருக்க. பொதுச் சுவர் வீடுகளில் நம் கசிவு நம்மோடு நிற்காது.

11. கம்பி உள்ளே வைத்த ஆரஞ்சு நிற ஐ.எஸ்.ஐ. முத்திரைக் குழாய் மாற்றினோம். நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் கூடாது. சுவருக்குள் நுழைத்து எடுக்கக் கூடாது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தோம். தீக்குச்சி கிழித்துப் பார்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள், அவர்களைத் தயவுசெய்து தடுங்கள்.

கடைசியாக, மாற்றிய விவரத்தை மின்வாரியத்தின் பிரிவு அலுவலகத்தில் தெரிவித்தோம். வீட்டின் இணைப்புச் சுமை கூடினாலும் குறைந்தாலும் அவர்கள் பதிவில் இருப்பது நல்லது. மொத்த வேலைக்கும் நான்கு நாள் பிடித்தது. அந்த நான்கு நாளும் சாப்பாடு பக்கத்து வீட்டு மாமியின் உபயம்.

வாசனை வந்தால்

சமையல் காஸுக்கு இயற்கையில் மணமில்லை. கசிந்தால் தெரியட்டும் என்றே மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். அந்த நாற்றம் ஓர் எச்சரிக்கை மணி. கேட்டவுடன்:

எந்த சுவிட்சையும் போடாதீர்கள், அணைக்காதீர்கள். எக்ஸாஸ்ட் விசிறியும் இதில் சேர்த்தி. காற்றை வெளியேற்றத்தானே என்று பலர் தவறுவது இங்கேதான். சுவாமி விளக்கு உட்பட எரியும் சுடர் எட்டும் தூரத்தில் இருந்தால் அணையுங்கள். கை எட்டுமானால் ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு ஜன்னல்களைத் திறங்கள், குறிப்பாகத் தரைவரை திறக்கும் கதவை. எல்லோரும் வெளியே வாருங்கள். மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே, தள்ளி இருந்தால் மட்டும் அதை அணையுங்கள். வெளியே வந்தபின் தொலைபேசியில் 1906 எண்ணை அழையுங்கள். காஸ் கசிவுக்கென்றே இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும் எண் அது.

ஞாயிற்றுக்கிழமை கேட்க வேண்டியவை

நம் சங்கத்தில் பாதிப் பேருக்கு ஊரில் வயதான தாய் தந்தையர் இருக்கிறார்கள். பணம் அனுப்புகிறோம், காஸ் அடுப்பு வாங்கித் தருகிறோம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறோம். மழை பெய்ததா, மாவடு கிடைத்ததா என்று கேட்கிறோம். அதோடு மூன்று கேள்விகள் சேர்த்துக் கேளுங்கள். சிலிண்டருக்குப் பக்கத்தில் ஏதாவது பிளக் இருக்கிறதா? ரப்பர் குழாய் எப்போது மாற்றியது? மெயின் சுவிட்ச் எங்கே, உன் கைக்கு எட்டுமா? மூன்றாவது கேள்விக்குத் தடுமாற்றம் வந்தால் அடுத்த விடுமுறைக்குக் காத்திராதீர்கள். தொழில் தெரிந்தவன் என்று பெயர் எடுத்த நானே என் வீட்டு மேடைக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை. மும்பையிலிருந்து குனிய முடியாது என்பது உண்மைதான், ஆனால் கேட்க முடியும்.

அம்மாவுக்கு ஒரு மனக்குறை மட்டும் பாக்கி. போன வாரம் பேசும்போதும் சொன்னாள்: "எல்லாம் சரிடா, ஆனா மிக்ஸி போடறதுக்கு இப்போ அந்தக் கோடிக்கு நடக்க வேண்டியிருக்கு."

"நடந்தா உடம்புக்கு நல்லதும்மா" என்றேன்.